மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை மோசமாகிறது: குன்றின் மேல் காற்று, கே-எப்சிலான், முதல் செல்லின் உயரம்

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் நிலக்கடலைக் காட்டை ஒட்டி நிற்கும் ஒரு குன்றின் உச்சியில் காற்று எவ்வளவு வேகம் கூடுகிறது என்பதை முதுநிலைத் திட்டப்பணிக்காகக் கணித்து வருகிறேன். குன்று சுற்றுநிலத்தைவிட ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். மேற்குச் சரிவு ஆள் ஏறக்கூடியது. கிழக்குப் பக்கம் பாறையாக இறங்குகிறது. மேற்கு அடிவாரத்தில் 10 மீட்டர் கம்பமும் உச்சியில் 20 மீட்டர் கம்பமும் நட்டு, கிண்ண அனிமாமீட்டர்களை வைத்து, ஆனி தொடங்கி ஆடியிலும் பதிவெடுத்து வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு அந்த இரு மாதங்களை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.

அடிவாரத்தில் நொடிக்கு 5.7 மீட்டர் வீசும்போது உச்சிக் கம்பத்தில் சராசரியாக 8.5 பதிவாகிறது. ஓப்பன்ஃபோம் என்னும் ஓட்டக் கணிப்பு மென்பொருளில், காற்றின் கொந்தளிப்பைக் கணிக்கும் வழக்கமான கே-எப்சிலான் மாதிரியைக் கொண்டு, வெளியை மெஷ் என்னும் வலையாக, சிறு செல்களாகப் பிரித்து, நிலத்தை ஒட்டிய முதல் செல்லின் உயரத்தை 2 மீட்டராக வைத்துக் கணித்தபோது 7.9 வந்தது. மெஷ் போதாது என்று எண்ணி, முதல் செல்லை 2 சென்டிமீட்டராக்கி, ஒய்-ப்ளஸ்ஸை (சுவரிலிருந்து செல் மையத்தின் தொலைவைச் சொல்லும் அலகற்ற எண்) 300-க்குள் கொண்டுவந்தேன். மெஷ்ஷின் தரத்தைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையும் மெஷ் சரி என்றே சொன்னது. ஆனால் இப்போது உச்சியில் 9.4 வருகிறது, அதாவது 7 சதவீதம் குறைவாக இருந்த விடை 11 சதவீதம் கூடுதலாகிவிட்டது. மெஷ் நல்லதாகிவிட்டபடியால் தவறு கொந்தளிப்பு மாதிரியில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எஸ்எஸ்டி என்னும் வேறொரு கொந்தளிப்பு மாதிரிக்கு மாறுவதா, அல்லது பெருஞ்சுழல்களை நேரடியாகக் கணிக்கும் லார்ஜ் எடி சிமுலேஷனுக்கே போய்விடுவதா?

நகரி_மூக்கு எழுதியது:

நண்பரே, எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். மாறும்போது ஒய்-ப்ளஸ்ஸை 300-இல் நிறுத்தாமல் 1-க்கே கொண்டு போங்கள். நான் காற்றுக்குழாய்களும் வெளியேற்று விசிறிகளும் வடிவமைப்பவன். ஓட்டம் சுவரைவிட்டுப் பிரியும் இடத்தில் கே-எப்சிலானும் வால் ஃபங்ஷனும் (சுவரை ஒட்டிய ஓட்டத்தை நேரடியாகக் கணிக்காமல் ஒரு சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்பு) சேர்ந்து காலை வாரிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்நோக்கிய படிக்கட்டு ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் டிரைவரும் சீக்மில்லரும் செய்த சோதனையில், பிரிந்த ஓட்டம் படியின் உயரத்தைப்போல் 6.26 மடங்கு தொலைவில் மீண்டும் தரையைத் தொடுகிறது. வழக்கமான கே-எப்சிலான் அதற்கு வெகு முன்னதாகவே தொடவைத்துவிடும். மென்ட்டரின் 1994-ஆம் ஆண்டு எஸ்எஸ்டி அளவீட்டுக்கு அருகே வந்துவிடும். உங்கள் கிழக்குப் பாறையும் ஒரு படிக்கட்டுதானே?

பழைய_விசிறி எழுதியது:

கஞ்சிக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். நகரி நண்பர் சொன்னது அவருடைய காற்றுக்குழாய்க்கு முற்றிலும் சரி. தம்பியின் நிலக்கடலைக் காட்டுக்கு அது பொருந்தாது. ஏன் என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

தம்பி, உங்கள் அடிவார வேகத்திலிருந்து உராய்வு வேகத்தை (நிலம் காற்றை இழுக்கும் விசையை வேகமாகச் சொல்லும் அளவு) கணக்கிட்டால் நொடிக்கு 0.4 மீட்டர் அளவில் வரும். காற்றின் இயக்கப் பாகுநிலையை 0.000015 என்று எடுத்துக்கொண்டால், ஒய்-ப்ளஸ் 300 என்பது நிலத்திலிருந்து 11 மில்லிமீட்டர் உயரம். நீங்கள் முதல் செல்லின் மையத்தை 1 சென்டிமீட்டரில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வரப்பில் நிற்கும் அறுகம்புல்லே அதைவிட உயரம். காட்டில் நிற்கும் கடலைச் செடியின் இலைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு செல்லை வைத்து, அங்கே மடக்கை விதிப்படி (உயரத்தின் மடக்கைக்கு ஏற்ப வேகம் கூடும் விதி) காற்று வீசுகிறது என்று மாதிரியிடம் சொல்கிறீர்கள். அந்த இடத்தில் அப்படி ஒரு விதி கிடையாது.

ஒய்-ப்ளஸ் முப்பதிலிருந்து முந்நூறு வரை இருக்க வேண்டும் என்ற வரம்பு வழவழப்பான சுவருக்காக எழுதப்பட்டது. விமானச் சிறகு, குழாய், படிக்கட்டு எல்லாம் அந்த வகை. அங்கே சுவரை ஒட்டி ஒரு பாகுநிலைப் படலம் இருக்கிறது. அதற்கு வெளியே மடக்கை விதி தொடங்குகிறது. வயல்வெளியில் அந்தப் படலத்தைப் பயிரும் கல்லும் வரப்பும் விழுங்கிவிடுகின்றன. வளிமண்டலக் கணக்குகளில் ஒய்-ப்ளஸ் பல்லாயிரம் வருவது இயல்பு. 1 மீட்டர் உயரத்திலேயே உங்களுக்கு 26,000-க்கு மேல் வரும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொன்று. 2 சென்டிமீட்டரில் தொடங்கிய அடுக்குகளை என்ன விகிதத்தில் வளர்த்தீர்கள் என்று எழுதவில்லையே?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

ஐயா, விகிதம் 1.5. அதற்குக் குறைத்தால் செல்களின் எண்ணிக்கை என் கணினியின் நினைவகத்தை மீறிவிடுகிறது. கிடைமட்டத்தில் செல்கள் 10 மீட்டர்.

பழைய_விசிறி எழுதியது:

எதிர்பார்த்ததுதான். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 2 சென்டிமீட்டரில் தொடங்கி ஒன்றரை மடங்காக வளர்த்தால், 15 அடுக்குகள் முடியும்போது 17.5 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். பதினாறாவது செல்லின் உயரம் மட்டும் 8.8 மீட்டர். உங்கள் உச்சிக் கம்பத்தின் அனிமாமீட்டர் 20 மீட்டரில் இருப்பதால் அது இந்தப் பதினாறாவது செல்லுக்குள் விழுகிறது. யாருக்கும் தேவைப்படாத புல்லடியில் 2 சென்டிமீட்டர் நுணுக்கமும், விடை வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 9 மீட்டர் செல்லும் வைத்திருக்கிறீர்கள். முதல் செல்லை 1.5 மீட்டரில் வைத்து 1.1 விகிதத்தில் வளர்த்தால், ஒன்பதாவது செல்லிலேயே கம்பத்தின் உயரத்தை எட்டிவிடலாம். அங்கே செல்லின் உயரம் 3.2 மீட்டர்தான். நினைவகமும் மிஞ்சும்.

செக்மெஷ் தந்த சான்றிதழைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்-ஆர்த்தகோனாலிட்டி (செல் மையங்களை இணைக்கும் கோடு செல் முகத்தின் செங்கோட்டிலிருந்து விலகும் கோணம்) 70 பாகைக்குள்ளும் ஸ்கியூனஸ் (செல்லின் கோணல்) 4-க்குள்ளும் இருந்தால் அது தலையசைத்துவிடும். அதனால் செல்களின் வடிவத்தைத்தான் சோதிக்க முடியும். நீங்கள் எந்தக் கொந்தளிப்பு மாதிரியை, எந்தச் சுவர்ச் சார்போடு ஓட்டப்போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அகலமும் உயரமும் ஐந்நூறுக்கு ஒன்றாக இருக்கும் செல்களைச் சரிவில் அடுக்கி, செங்குத்துக் கோடுகளைச் செங்குத்தாகவே விட்டால், சரிவின் கோணம் எவ்வளவோ அவ்வளவும் நான்-ஆர்த்தகோனாலிட்டியாகிவிடும். பாறைப் பக்கத்தில் அது 60-ஐத் தாண்டியிருக்கும்.

புளியரை_மழை எழுதியது:

செங்கோட்டைக் கணவாயின் வாயிலில் இருக்கிறேன். காற்றாலைத் தளங்களுக்கான கணிப்புதான் என் அன்றாடப் பிழைப்பு. பழைய_விசிறி ஐயா சொன்னதற்குமேல் சொரசொரப்பைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், ஏனெனில் தம்பியின் 9.4 அங்கிருந்துதான் பிறந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிலக்கடலைக் காட்டுக்கு வானிலைக் கணக்கின் சொரசொரப்பு நீளம் 0.03 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பொதுப் பயன்பாட்டு மென்பொருள்களின் வால் ஃபங்ஷன் இந்த நீளத்தைக் கேட்பதில்லை. மணல்துகள் சொரசொரப்பை, அதாவது அதே இழுவையைத் தரும் மணல்துகள்களின் உயரத்தைக் கேட்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஓப்பன்ஃபோமின் வழக்கமான சொரசொரப்புச் சுவர்ச் சார்பில் மாறிலி 0.5 என்றால், முன்னதை 9.8-ஆல் பெருக்கி 0.5-ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு அது 0.59 மீட்டர். முதல் செல்லின் மையம் இந்த 0.59-க்கு மேலே இருந்தாக வேண்டும்; ஆகவே செல்லின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர். 2007-இல் பிளாக்கனும் உடனாளர்களும் எழுதிய கட்டுரை இந்த முரண்பாட்டையே பேசுகிறது: நிலத்தருகே நுணுக்கமான மெஷ்ஷும் வேண்டும், சொரசொரப்பின் உயரத்துக்கு மேலே முதல் மையமும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாக நடக்காது.

மையம் 1 சென்டிமீட்டரில் இருக்கும்போது நிரல் நின்றுவிடுவதில்லை. மடக்கையின் உள்ளே இருக்கும் எண் ஒன்றுக்குக் கீழே போகாமல் ஒரு வரம்பைப் போட்டுச் சமாளித்துக்கொண்டு, எச்சரிக்கை எதுவும் தராமல் ஓடும். ரெசிடுயல்கள் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) அழகாக இறங்கும். ஆனால் நிலம் நீங்கள் கொடுத்த சொரசொரப்போடு காற்றை இழுத்துப் பிடிக்காது. குன்றை அடைவதற்குள்ளேயே காற்று வேகம் கூடிப் போயிருக்கும்.

இதை உறுதிசெய்ய ஒரு வெற்று ஓட்டம் போதும். குன்றை எடுத்துவிட்டு, அதே மெஷ் அடுக்குகளோடு, அதே நீளத்துக்குச் சமதளத்தில் காற்றை ஓடவிடுங்கள். நுழைவில் கொடுத்த வேகப் படிமம் (உயரத்தோடு வேகம் மாறும் வடிவம்) குன்று இருந்த இடத்திலும் மாறாமல் வந்து சேர வேண்டும். வந்து சேராவிட்டால் எந்த மாதிரியைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

வெற்று ஓட்டத்தைச் செய்யும்போது இரண்டைக் கவனியுங்கள். ரிச்சர்ட்ஸும் ஹாக்ஸியும் 1993-இல் காட்டியபடி, கே-எப்சிலானின் வழக்கமான மாறிலிகளான 0.09, 1.44, 1.92, 1.3 ஆகியவை சேர்ந்து மடக்கை விதியில் வரும் கார்மன் மாறிலியை 0.433 என்று ஆக்குகின்றன. நீங்கள் நுழைவுப் படிமத்தை 0.41 கொண்டு எழுதியிருப்பீர்கள். இரண்டும் இசைய வேண்டுமானால் சிக்மா-எப்சிலானை, அதாவது அந்த 1.3-ஐ, 1.167 ஆக்க வேண்டும். அடுத்தது மேல் எல்லை. அங்கே வழுக்குச் சுவர் (உராய்வில்லாத எல்லை) கொடுத்திருந்தால், காற்றை மேலிருந்து இழுத்துக்கொண்டுபோக எதுவும் இல்லாமல் படிமம் மெல்லத் தேய்ந்துவிடும். உராய்வு வேகத்தின் இருபடிக்கு ஒத்த இழுவிசையை மேலே கொடுங்கள்.

நகரி_மூக்கு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், வழவழப்பான தகட்டுக்குள்ளேயே காலம் கழித்தவனுக்குப் புல் நினைவுக்கு வரவில்லை. ஆயினும் கிழக்குப் பாறையைப் பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊர் மலை, மனித மூக்கைப் போலப் பாறை முனை நீட்டி நிற்பது. ஒரு விடுமுறையில் ஆசைக்காக அதற்கு மெஷ் போட்டேன். நில உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் தரவைப் பயன்படுத்தினேன். 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து எடுத்த அந்தத் தரவின் புள்ளிகள் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்று. செங்குத்துப் பாறை அதில் ஒரு சாய்தளமாகப் படுத்துவிடுகிறது. அந்தத் தளத்தின்மேல் நான் 2 மீட்டர் செல்களைப் போட்டபோது, மெஷ் பாறையைப் பிடிக்கவில்லை. தரவுப் புள்ளிகளை இணைத்த முக்கோணங்கள் சந்திக்கும் விளிம்புகளைப் பிடித்தது. ஒவ்வொரு விளிம்பிலும் காற்று குதித்தது. எல்லாம் நான் உருவாக்கிய குன்றுகள். தம்பி எந்தத் தரவைப் பயன்படுத்தினார்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

நானும் அதே தரவைத்தான் பயன்படுத்தினேன். மேற்குச் சரிவுக்கு அது பெரும்பாலும் போதும் என்று நினைக்கிறேன். பாறையின் விளிம்பை மட்டும் நானும் என் மாமாவும் நீள நாடாவும் நீர்மட்டக் குழாயும் கொண்டு அளந்து திருத்தினோம். நீர்மட்டக் குழாய் என்றால் கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்குப் பிடிக்கும் அதே ஒளிபுகும் குழாய்தான். ஒரு முழுப் பகல் பிடித்தது.

இனி வெற்று ஓட்டத்தின் முடிவு. என் 2 சென்டிமீட்டர் மெஷ்ஷில், நுழைவில் 10 மீட்டர் உயரத்தில் 5.7 ஆக இருந்த வேகம், குன்று இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வரும்போது 6.4 ஆகியிருந்தது. குன்றே இல்லாமல் 12 சதவீத வேக உயர்வு! புளியரை அக்கா சொன்னது சரிதான். குன்றுக்குப் போகும் முன்பே என் விடை கெட்டுப்போயிருக்கிறது. முதல் செல்லை 1.5 மீட்டராக்கி 1.1 விகிதத்தில் வளர்த்ததும் 5.6 வந்தது. சிக்மா-எப்சிலானையும் மேல் எல்லையையும் திருத்தியபின் 5.68-இல் நிலைத்தது. நிலத்தை ஒட்டிய இரண்டு மூன்று செல்களில் மட்டும் கொந்தளிப்பு ஆற்றல் ஒரு சிறு கூர்முனையாக எழுகிறது. அதை இன்னும் போக்க முடியவில்லை.

இதே அமைப்பில் குன்றை மீண்டும் வைத்தபோது உச்சியில் 8.22 வருகிறது. 8.5-க்கு இன்னும் 3 சதவீதம் குறைவு. இப்போதாவது எஸ்எஸ்டியை முயலலாமா?

புளியரை_மழை எழுதியது:

அந்தக் கூர்முனை பலருக்கும் வருவதுதான்; முதல் செல்லில் ஆற்றல் உருவாவதையும் சுவர் உராய்வையும் மென்பொருள் வெவ்வேறு முறையில் கணக்கிடுவதால் எழுகிறது. 20 மீட்டரில் உங்களை அது தொடாது.

பழைய_விசிறி எழுதியது:

பொறுங்கள் தம்பி. அந்த 3 சதவீதம் மாதிரியுடையதா, மெஷ்ஷுடையதா என்று தெரியாமல் மாதிரியை மாற்றினால், ஒன்றின் பிழை மற்றொன்றின் பிழையை மறைத்துவிடும். விடை பொருந்திவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவீர்கள். உங்கள் முதல் 7.9-உம் அப்படி ஒரு அரைகுறைப் பொருத்தம்தான்.

மூன்று மெஷ்களில் ஓட்டுங்கள். அடுத்தடுத்த மெஷ்களுக்கு இடையே செல்லின் நீளம் 1.3 மடங்குக்கு மேல் மாற வேண்டும், 1.5 வசதியானது, ஆனால் ஒவ்வொரு முறையும் செல்கள் 3.4 மடங்காகும். நிலத்தை ஒட்டிய முதல் செல்லை மட்டும் மூன்றிலும் 1.5 மீட்டரிலேயே விடுங்கள். அதையும் சேர்த்து நுணுக்கினால் ஒவ்வொரு மெஷ்ஷிலும் வேறொரு சுவர்ச் சார்பை ஓட்டுவதாகிவிடும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

நகரி_மூக்கு எழுதியது:

சார், முதல் செல்லைக் கட்டிவைத்தால் மூன்று மெஷ்களும் ஒன்றுக்கொன்று வடிவொத்தவையாக இருக்காது. மெஷ்ஷால் வரும் நிச்சயமின்மையை மதிப்பிடும் ரோச்சின் ஜிசிஐ கணக்கு வடிவொத்த மெஷ்களுக்குத்தானே?

பழைய_விசிறி எழுதியது:

கண்டிப்பான கணக்குப்படி நீங்கள் சொல்வதே சரி. ஆனால் வடிவொத்த மெஷ்களும் மாறாத சுவர்ச் சார்பும் ஒருங்கே கிடைக்காதபோது, நான் சுவர்ச் சார்பைக் காப்பாற்றுவேன். கிடைக்கும் சதவீதத்தை நிரூபணமாகக் கொள்ளாமல் அளவின் மதிப்பீடாகக் கொள்வேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். நடுவில் இருமுறை மின்சாரம் போனதால் நுண்மெஷ்ஷை மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. பருமெஷ்ஷில் 8.10, நடுமெஷ்ஷில் 8.22, நுண்மெஷ்ஷில் 8.30. வேறுபாடுகள் 0.12, 0.08. அவற்றின் விகிதமும் மெஷ் விகிதமும் ஒன்றேயாக இருப்பதால் கணிப்பின் படி (செல் சுருங்கும்போது பிழை எந்த அடுக்கில் குறைகிறது என்பது) ஒன்று என்று வருகிறது. பாதுகாப்புக் காரணி 1.25 கொண்டு கணக்கிட்டால் நுண்மெஷ்ஷின் நிச்சயமின்மை 2.4 சதவீதம். படி இரண்டாக அல்லவா வர வேண்டும்?

பழைய_விசிறி எழுதியது:

உங்கள் எஃப்வி-ஸ்கீம்ஸ் கோப்பைத் திறந்து, வேகத்தின் கடத்தல் உறுப்புக்கு எதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெறும் அப்விண்ட் என்று இருக்கும்; அது முதற்படி முறை.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

ஆம் ஐயா, அப்விண்டேதான். ஒரு பயிற்சிக் கோப்பிலிருந்து நகலெடுத்தபோது கூடவே வந்துவிட்டது. இரண்டாம் படி முறையான லீனியர்-அப்விண்டுக்கு மாற்றியதும் நடுமெஷ்ஷிலேயே 8.41 வந்துவிட்டது. முதலில் வந்தது சற்று அலைந்தது. நான்-ஆர்த்தகோனல் திருத்தத்தை இரண்டு முறை வைத்தபின் அமைதியானது. கம்பத்தோடு ஒப்பிட்டால் இப்போது வேறுபாடு 1 சதவீதம். கொந்தளிப்பு மாதிரியை நான் இன்னும் தொடவே இல்லை.

புளியரை_மழை எழுதியது:

உச்சிக்கும் மேற்குச் சரிவுக்கும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேகத்தில் 3 சதவீதப் பிழை ஆற்றலில் 9 சதவீதமாகும் என்பதால், 1 சதவீதத்துக்கு வந்திருப்பது சிறிய காரியமில்லை. ஆனால் அந்த 1 சதவீதத்தை உங்கள் கிண்ண அனிமாமீட்டரே தின்றுவிடக்கூடும். அதற்குக் கீழே துரத்த வேண்டாம். பதிவுகளில் மேகமூட்டத்தோடு பலத்த மேல்காற்று வீசிய நேரங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். உங்கள் மாதிரியில் வெப்ப அடுக்கு இல்லை. தெளிந்த இரவுகளின் பதிவை இதில் கலந்தால் ஒப்பீடே பொருளற்றதாகிவிடும்.

நகரி நண்பர் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் கிழக்குப் பக்கத்துக்கு இப்போது வரலாம். மெஷ்ஷை எவ்வளவு திருத்தினாலும் தீராத பிழை அங்கேதான் இருக்கும். ஸ்காட்லாந்தின் ஆஸ்கர்வெயின் குன்றில் 1982, 1983-இல் செய்த அளவீடுகளோடு ஒப்பிட்டவர்கள் எல்லோரும் இதே அனுபவத்தைத்தான் பெற்றார்கள்: காற்றை எதிர்கொள்ளும் சரிவிலும் உச்சியிலும் கே-எப்சிலான் நன்றாகப் பொருந்தும், மறுசரிவில் தடுமாறும். அதுவும் புல் மூடிய, மென்மையான குன்று, உங்களுடையது பாறை. எதிர்முகச் செங்குத்துகளில் இன்னொரு கோளாறும் உண்டு. காற்று மோதி நிற்கும் இடத்தில் கே-எப்சிலான் அளவுக்கு மீறிக் கொந்தளிப்பைப் பிறப்பித்து, அதனாலேயே பிரிவை மறைத்துவிடும். ஆடிக் காற்றில் உங்கள் பாறை பின்பக்கம் என்பதால் தப்பித்தீர்கள். தை மாதத்தில் அதுவே எதிர்முகம்.

அங்கே எஸ்எஸ்டி பயனுள்ளது. ஆனால் அப்போதும் சொரசொரப்புச் சுவர்ச் சார்போடுதான். ஒய்-ப்ளஸ் 1 வேண்டாம். வெற்று ஓட்டத்தை எஸ்எஸ்டிக்குப் புதிதாகச் செய்ய வேண்டும், ஏனெனில் மாறிலிகள் வேறு. லார்ஜ் எடி சிமுலேஷனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டென்மார்க்கின் போலுண்ட் திட்டு வெறும் 12 மீட்டர் உயரம். அதன்மேல் அளந்த முடிவுகளை வெளியிடாமல் வைத்துக்கொண்டு பலரையும் கணிக்கச் சொல்லி, 2011-இல் ஒப்பிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகளில் முன்னணியில் நின்றவை கே-எப்சிலான் போன்ற இரு-சமன்பாட்டு மாதிரிகள்தான்.

நகரி_மூக்கு எழுதியது:

கிழக்கு அடிவாரத்தில் கம்பம் இல்லையே? எஸ்எஸ்டியும் கே-எப்சிலானும் வெவ்வேறு விடை தந்தால் எது சரி என்று எதைக்கொண்டு சொல்வார்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா ஒரு வழி சொன்னார். பாறையின் அடியில், பத்து மீட்டருக்கு ஒன்றாக, மூங்கில் குச்சிகளில் நூல்கண்டு நூலைக் கட்டி வரிசையாக நட்டுவிட்டால், காற்று பின்னோக்கி வீசும் இடத்தில் நூல் மேற்கே திரும்பும். எந்தக் குச்சியிலிருந்து நூல் மறுபடி கிழக்கே பறக்கிறதோ அங்கே ஓட்டம் தரையைத் தொடுகிறது. வேகத்தைச் சொல்லாவிட்டாலும் மீள்தொடு தொலைவைச் சொல்லிவிடும். ஆடி முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நேற்று மாலை நாற்பது குச்சிகளை நட்டோம். இன்று காலை பார்த்தபோது முதல் பதினேழு குச்சிகளின் நூல் பாறையை நோக்கித் திரும்பியிருந்தது, பதினெட்டும் பத்தொன்பதும் எந்தப் பக்கமும் நிலைக்காமல் சுழன்றுகொண்டிருந்தன. வெற்று ஓட்டத்தை எஸ்எஸ்டியோடு இன்றிரவு போடுகிறேன்.